மேடைக்குப் போன மின்சாரம்

ஆய்வகத்தில் குடுவை கழுவும் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குப் பயந்தவர் ஒரே ஒருவர், பின்னாளில் நாட்டுக்கே தலைவரான விஞ்ஞானி. பதவிக்குப் போகும் அன்று, காய்ச்சல் மருந்துக்காகத் தான் சேர்த்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, "இது அணையாம பாத்துக்குங்கக்கா" என்றார். அவர் இறந்த பிறகும் அக்கா அதை அணையவிடவில்லை.

அவர் பிறந்தநாளன்று, விடுமுறை முடிந்து அக்கா உள்ளே நுழைந்ததும் குளிர்பெட்டியிலிருந்து அழுகல் நாற்றம் அடித்தது. வெளியே அவர் சிலைக்கும் விழா மேடைக்கும் வயர் இழுக்க, அதன் பிளக்கை எவனோ எப்போதோ கழற்றியிருந்தான். மேடையில் ஆய்வக இயக்குநர், "அவர் விட்ட பணியைத் தொடர்வோம்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா மேடை வயரைப் பிடுங்கினார். மைக் செத்தது.

"யாருய்யா புடுங்கினது?"

"நான்தான். அவரு விட்ட பணி உள்ள அழுகிக் கெடக்கு சார். வாங்க, வந்து நீங்களே கழுவுங்க!"