பெர்னடீன் திட்டியதெல்லாம் விளம்பரமானது

1955 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பெர்னடீன் லுட்ஸ் தன் சமையலறைத் தரைக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள். முழங்காலில் நின்று பூசி, காயவிட்டு, மறுபடி துணி வைத்துத் தேய்த்து, கடைசி மூலைக்கு வந்து இடுப்பை நிமிர்த்தினாள். அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. அவள் புருஷன் ஆர்வில், பனியும் சேறும் அப்பிய பூட்ஸோடு, தரையின் நட்டநடுவில் நடந்துபோய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பீர் எடுத்தான்.

"சாப்பாடு ஆச்சா கண்ணு?"

பெர்னடீன் அந்தக் கால்தடங்களைப் பார்த்தாள்.

"ஆச்சு. ஆனா தட்டு எதுக்கு? எல்லாத்தையும் இந்தத் தரையிலயே கொட்டிர்றேன். குனிஞ்சு நக்கித் தின்னுங்க. அதுக்குத்தான காலையிலேருந்து பளபளன்னு தேச்சிக்கிட்டுக் கெடக்கேன்?"

ஆர்வில் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, அந்த வாக்கியத்தைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அதை அவள் கவனிக்கவில்லை.

ஆர்வில் கெட்டவனில்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிறவனோ கை நீட்டுகிறவனோ இல்லை. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிற வேலை. டாஸ்லோ தரை மெழுகுக்கு எழுதுவது அவன் பொறுப்பு. அவன் இதுவரை ஒரு தரைக்கும் மெழுகு போட்டதில்லை.

மே மாதம் பெண்கள் பத்திரிகை தபாலில் வந்தது. பெர்னடீன் காப்பியை வைத்துக்கொண்டு புரட்டினாள். முழுப் பக்கத்துக்கு ஒருத்தி. கழுத்தில் முத்துமாலை, குளவிபோல் ஒடுங்கிய இடுப்பு, குதிகால் உயர்ந்த செருப்பு. துடைப்பத்தை நடனத்துக்குக் கூப்பிட்டவன் கையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். பல் அத்தனையும் தெரியச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: "என் வீட்டுத் தரையிலேயே விருந்து சாப்பிடலாம்!"

சாயங்காலம் ஆர்வில் வந்ததும் பத்திரிகையை அவன் முன்னால் போட்டாள்.

"இது என்ன?"

"ஓ, வந்திருச்சா! நல்லா இருக்குல்ல? கம்பெனியில எல்லாரும் தூக்கி வெச்சு ஆடுறாங்க. நீ சொன்னதுதான், ஞாபகம் இருக்கா?"

"நான் சொன்னது இது இல்ல ஆர்வில். நான் உன்னத் திட்டினேன்."

"அட, வார்த்தை ஒண்ணுதானே. கொஞ்சம் சிரிச்ச மாதிரி மாத்திருக்கேன், அவ்வளவுதான்."

அவன் குரலில் பெருமைதான் இருந்தது. பெண்டாட்டியைக் கௌரவப்படுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தான். பெர்னடீன் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அவள் எப்போதும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அல்ல. போர்க்காலத்தில், கல்யாணத்துக்கு முன், ஊரின் பெரிய கண்ணாடித் தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தில் இருந்தாள். உலையிலிருந்து வரும் கண்ணாடியில் நிறம் திரிந்திருக்கிறதா, குமிழி விழுந்திருக்கிறதா, எந்த மணலில் இரும்பு கூடியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது; பிடித்திருந்தது என்பதை வேலை போன பிறகுதான் முழுசாகத் தெரிந்துகொண்டாள். ஆண்கள் போரிலிருந்து திரும்பியதும் பெண்களுக்கெல்லாம் ஒரு கேக் வெட்டி, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேக் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆர்வில், பிறகு நகரத்துக்கு வெளியே புதுக் குடியிருப்பில் இந்த வீடு, பிறகு மகள் ரோஸலி. ரோஸலிக்கு இப்போது எட்டு வயது.

அந்த மே மாத விளம்பரத்தோடு விஷயம் முடியவில்லை. ஜூலையில் ஒருநாள், புழுக்கத்தில் மூன்றாவது முறையாக அடுப்பைத் துடைத்தபோது அவள், "இந்தச் சமையலறைய விட்டு என்னப் பொணமாத்தான் தூக்கிட்டுப் போவீங்க" என்று சலித்துக்கொண்டாள். செப்டம்பரில் அதே முத்துமாலைக்காரி அடுப்பில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்: "இந்தச் சமையலறையிலிருந்து யாராலும் என்னைப் பிரிக்க முடியாது!" அக்டோபரில் ரோஸலியின் அழுக்குக் காலுறையைப் பார்த்து, "ஏன்டி, எனக்கு வேல இல்லாமப் போயிருமோன்னு பயந்துட்டியா?" என்றாள். அதுவும் வந்தது. படத்தில் அந்த அம்மா சேறு பூசிய மகளைக் கட்டியணைத்துக்கொண்டிருந்தாள்.

எதைச் சொன்னாலும் போகிற வழியில் சிரிப்பாக மாறிப் பத்திரிகையில் போய் விழுந்தது. வேப்பெண்ணெயை ஊற்றினால் தேனாக்கி விற்கிறானே இவன், எந்தச் செக்கில் போட்டு ஆட்டுகிறான் என்று அவளுக்கு ஆயாசமாக வந்தது.

ரோஸலி ஒருநாள் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா, அப்பா சொன்னாரு, இது நீ பேசுனதாம். அப்ப நீ ஏன் இந்த அம்மா மாதிரி சிரிக்கவே மாட்டேங்குற?"

"அந்த அம்மாவுக்கு அதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க கண்ணு" என்றாள் பெர்னடீன்.

அவளை உண்மையில் உலுக்கியது எதிர்வீட்டு மேவிஸ்தான். மேவிஸ் கெல்லர்மனுக்கு மூன்று சின்னப் பையன்கள், ஊர் ஊராக டயர் விற்கப் போகும் புருஷன். நவம்பரில் ஒரு காலை காப்பிக்கு வந்தவள் மேசையில் உட்கார்ந்ததுமே கண் கலங்கிவிட்டாள்.

"என்னாச்சு மேவிஸ்?"

"ஒண்ணுமில்ல. பைத்தியக்காரத்தனம். டாக்டர் நரம்புத் தளர்ச்சின்னு மாத்திரை குடுத்திருக்காரு." மூக்கைச் சிந்தினாள். "எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனக்கிறேன், பெர்னி. அந்த மெழுகு விளம்பரம் வருதே, பாத்திருக்கியா? 'இந்தச் சமையலறையிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது'ன்னு. அதப் பாக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்ச அடைக்குது. எல்லாப் பொண்ணுங்களுக்கும் அப்படி இருக்கு. எனக்கு மட்டும் காலையில கண்ணு முழிச்சா கார எடுத்துக்கிட்டு எங்கயாச்சும் ஓடிப்போயிரலாமான்னு இருக்கு. எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது."

பெர்னடீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"மேவிஸ், இதக் கேளு. அது எந்தப் பொண்ணும் சந்தோஷமாச் சொன்னது இல்ல. நான் சொன்னது. என் வாயிலேருந்து வந்தது. 'பொணமாத்தான் தூக்கிட்டுப் போவீங்க'ன்னு நான் கத்தினேன். ஆர்வில் அதக் கழுவித் தொடச்சு ரிப்பன் கட்டி வித்துட்டான்."

"என்னது?"

"'தரையிலயே விருந்து'ன்னு வந்துச்சே? நக்கித் தின்னுங்கடான்னு சொன்னேன்."

மேவிஸுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பெர்னடீனும் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அப்புறம் மேவிஸ் அழுதாள். "உனக்கும் அப்படித்தானா? நெஜமாவே உனக்கும் அப்படித்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவள் போன பிறகு பெர்னடீன் இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தாள். தன் சலிப்பைப் புருஷன் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று இதுவரை விட்டிருந்தாள். அது சுற்றிக்கொண்டு போய் எதிர்வீட்டுக்காரியின் முதுகில் சாட்டையாக விழுகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன் ஆர்வில் மெழுகுக் கம்பெனி முதலாளி ஹேம்லினை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தான். "அவரு அந்த வாசகத்துக்குப் பின்னால இருக்குற பொண்ணப் பாக்கணுமாம்" என்று கெஞ்சினான். பெர்னடீன் சம்மதித்தாள். நேரில் ஒருவரிடம் நேராகச் சொன்னால் அதை யாரும் திரிக்க முடியாதல்லவா?

மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் பரிமாறி முடித்ததும் ஹேம்லின் நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மிஸஸ் லுட்ஸ், சொல்லுங்க. எங்க மெழுகப் போடுறப்ப ஒரு பொண்ணு மனசுல என்ன ஓடும்?"

"உண்மையச் சொல்லவா, சார்?"

"அதுக்குத்தானே வந்திருக்கேன்!"

"முட்டி வலிக்கும். அப்புறம், இது நாளைக்குள்ள மறுபடி அழுக்காயிரும்னு ஓடும். அதுக்கப்புறம், நான் பண்ணிக்கிட்டிருந்த வேலைய இப்ப எந்த ஆம்பள பண்றானோன்னு ஓடும். முத்துமாலை போட்டுக்கிட்டு யாரும் தரை தொடைக்கிறதில்ல, சார். உங்க படத்தப் பாத்து எதிர்வீட்டுல ஒருத்தி தனக்குப் பைத்தியம்னு மாத்திரை முழுங்குறா. கொஞ்சம் வெக்கப்படுங்க."

ஆர்வில் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஹேம்லின் தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார்.

"அடேயப்பா, என்னா காரம்! லுட்ஸ், நீ குடுத்து வெச்சவன்யா! வீட்டுல இப்படி ஒரு மிளகாய வெச்சிக்கிட்டா இவ்ளோ நாளா பேசாம இருந்த?"

ஈஸ்டருக்கு விளம்பரம் வந்தது. முத்துமாலைக்காரி இந்தத் தடவை சின்ன உருவமாக, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பூரிக்கட்டையை ஓங்கி நின்றாள். கதவருகில் மெழுகு டப்பாவை நீட்டியபடி புருஷன். "உங்கள் குட்டிக் கோபக்காரியைச் சமாதானப்படுத்துங்கள்! இன்றே வாங்கிப் போங்கள், டாஸ்லோ."

பெர்னடீன் அதை ஒருதரம் பார்த்தாள். குப்பையில் போட்டாள். அன்று முதல் வீட்டில் பேச்சை நிறுத்தினாள்.

சண்டை என்று சொல்ல முடியாது. "ரொட்டி தீந்துபோச்சு", "மழ வரும்போல", "ரோஸலிக்குப் பல்லு ஆடுது." அவ்வளவுதான். தரைக்கு மெழுகு போடுவதையும் விட்டாள். தரையில் ஒட்டியிருந்த லினோலியம் விரிப்பு மங்கி, சாம்பல் பூத்தது.

முதலில் ஆர்வில் நிம்மதியாகத்தான் இருந்தான். பிறகு தவித்தான். புது வாசகம் எதுவும் ஓடவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே பூட்ஸோடு சமையலறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தான். அவள் தலையைத் தூக்கவில்லை.

"ஏதாவது சொல்லேன், பெர்னி. திட்டவாவது செய்யேன்."

"உப்பு வேணுமா?"

"என்னால தாங்க முடியல. நான் என்ன தப்புப் பண்ணேன்? உன்னோட ஒரு வார்த்தையக்கூட நான் வீணாக்கினதில்லையே!"

அப்போதுதான் அவளுக்கு அடக்கி வைத்திருந்தது பொங்கியது.

"அதேதான் ஆர்வில்! கல்யாணம் ஆனதுலேருந்து நான் பேசுற ஒவ்வொரு வார்த்தையையும் காதத் தீட்டிக்கிட்டுக் கேட்ட. உலகத்துல எந்தப் புருஷனும் பெண்டாட்டி பேச்ச அப்படிக் கேட்டிருக்க மாட்டான். ஆனா ஒரு நாளாச்சும், ஒரே ஒரு நாளாச்சும், 'ஏன் பெர்னி இப்படிப் பேசுற, என்ன ஆச்சு உனக்கு'ன்னு கேட்டியா?"

ஆர்வில் நாற்காலியில் உட்கார்ந்தான். கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நீ வெளையாட்டாச் சொல்றன்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "இல்ல. வெளையாட்டா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்" என்றான்.

அவன் சொன்னதில் அதுதான் முதல் நேர்மையான வார்த்தை என்று அவளுக்குப் பட்டது. அதற்காக மனம் இளகிவிடவில்லை.

"நான் வேலைக்குப் போறேன்."

"எங்க?"

"கண்ணாடிக்கு."

பழைய தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் அதிகாரி அவளை மரியாதையாக உட்கார வைத்தார். "உங்க வீட்டுக்காரருக்குச் சம்மதமா?" என்று கேட்டார். தட்டச்சு தெரியுமா என்று கேட்டார். அடுத்த குழந்தை எப்போது என்று கேட்டார். கண்ணாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெர்னடீன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆற்றுக்கு அக்கரையில் சின்னதாக ஒரு பாட்டில் தொழிற்சாலை. அங்கே சோதனைக்கூடத்து ஆள் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டான். பழுப்பு பாட்டில்களெல்லாம் பச்சையடித்துக்கொண்டு வந்தன. மேலாளர் டோர்ஸி ஒரு துண்டை அவள் கையில் கொடுத்து, "இது ஏன்னு தெரியுதா?" என்றார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உலையைப் பார்க்க வேண்டும் என்றாள். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். பதவிக்குப் பேர் 'உதவியாளர்'. உதவி செய்ய அங்கே வேறு யாரும் இல்லை. கலிஃபோர்னியாவுக்குப் போனவனைவிடச் சம்பளம் குறைவு என்பது அவளுக்குத் தெரியும். அதையும் ஒருநாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டாள்.

வீடு உடனே சீர்ப்பட்டுவிடவில்லை. ஆர்வில் டப்பா சூப்பைத் தண்ணீர் ஊற்றாமல் சூடாக்கி அடிப்பிடிக்க வைத்தான். "சட்டி எப்படிக் கழுவுறது?" என்று தொழிற்சாலைக்கே போன் போட்டான். அவன் அம்மா கொலம்பஸ் நகரிலிருந்து போனில் கூப்பிட்டு, குழந்தை பாழாகிவிடும் என்று அழுதாள். ரோஸலி பாழாகவில்லை; சீஸ் வைத்து ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். ஆர்வில் மெழுகு விளம்பரப் பொறுப்பை வேறொருவனுக்கு விட்டுவிட்டு உரம் பூச்சிமருந்துப் பக்கம் மாறிக்கொண்டான். அதில் பெண்கள் யாரும் சிரிக்க வேண்டியதில்லை. மேவிஸ் மாத்திரையை நிறுத்தினாளா என்று பெர்னடீனுக்குத் தெரியாது. ஆனால் சனிக்கிழமைகளில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மேவிஸ் இரண்டு தபால்பெட்டிகளைச் சாய்த்தாள்.

அடுத்த வசந்தத்தில் தொழிற்சாலையின் மாத இதழுக்குப் படம் எடுக்க ஒருவன் வந்தான். சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததும் பையிலிருந்து பூப்போட்ட ஏப்ரனையும் மாவு கலக்கும் கிண்ணத்தையும் எடுத்தான்.

"இதக் கட்டிக்கிட்டு, இந்தக் கிண்ணத்தப் பிடிச்சிக்கங்க மேடம். கண்ணாடியும் பாப்பாங்க, கேக்கும் சுடுவாங்கன்னு போடலாம். படிக்கிறவங்களுக்குப் பிடிக்கும்."

பெர்னடீன் கண்ணை மூடித் திறந்தாள்.

"மிஸ்டர் டோர்ஸியப் படம் எடுத்தியாப்பா?"

"எடுத்தேனே."

"அவரு கையில என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. பேனா வெச்சிருந்தாரு."

"எனக்கும் பேனாவே இருக்கட்டும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனான். இதழ் வந்தது. வெள்ளைக் கோட்டில், நிறமாதிரிகள் அடுக்கிய மேசைக்கு முன்னால், பேனாவோடு பெர்னடீன். படம் நன்றாகவே விழுந்திருந்தது. அடியில் இப்படிப் போட்டிருந்தார்கள்: "வேலைக்கு நடுவிலும் வீட்டு நினைப்புதான்! மளிகைச் சாமான் குறிக்கிறார் நமது மிஸஸ் லுட்ஸ்."

அவள் இதழை எடுத்துக்கொண்டு நேராக டோர்ஸியின் அறைக்குப் போய் மேசையில் வைத்தாள்.

"அடுத்த மாசம் திருத்தம் போடணும், சார்."

"விடுங்க மிஸஸ் லுட்ஸ், சும்மா வெளையாட்டுக்கு..."

"போடணும்."

டோர்ஸி பெருமூச்சு விட்டார். திருத்தம் வந்தது, கடைசிப் பக்கத்தில், ஊழியர்களின் பந்து உருட்டும் போட்டி முடிவுகளுக்குக் கீழே, பொடி எழுத்தில். அதிலும் அவள் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. பெர்னடீன் அதைப் படித்துவிட்டு, மறுபடி டோர்ஸியின் கதவைத் தட்டினாள்.