நெறைய உசுரு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. இப்போதும் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நிறுத்தத்துக்கும் அடுத்த மின்கம்பத்துக்கும் நடந்துகொண்டேதான் இருப்பேன். ஐந்தாவது படிக்கும்போது இது வீட்டுக்கே பெரிய தொல்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து, ஒரு வெள்ளைத் தட்டின் முன்னால் உட்கார வைத்து, பூச்சி பொறுக்கச் சொன்னாள் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகி சித்தப்பாவோடு எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். விலங்கியல் எம்.எஸ்சி. கடைசி வருடம். சித்தப்பாவுக்குக் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை. கட்டிய மனைவி தன்னைவிட அதிகம் படிக்கிறாள் என்பதில் அவருக்கு இருந்த பெருமையைத் தெருவே கேட்டுச் சலித்திருந்தது.

எங்கள் வீடு விம்கோ நகரில், தண்டவாளத்துக்கு மேற்கே. தெருக்கோடியில் ஒரு குட்டை. பாதி கோரை, பாதி ஆகாயத்தாமரை. எங்கள் பக்கம் எங்கே குழாய் இறக்கினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். எங்கள் தெரு அடிபம்பில் மட்டும் வாயில் வைக்க முடிகிற தண்ணீர் வந்தது, குட்டையின் புண்ணியத்தில். அந்தக் குட்டையை மூடி, துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் நிற்க இடம் பண்ணப்போவதாகப் பேச்சு வந்தது. பேச்சோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கரையில் இன்னொரு லோடு கட்டட இடிபாடு கூடியிருக்கும். தெருவில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ராத்திரி லாரி சத்தம் கேட்டால் அம்மா எழுந்து போய் எட்டிப் பார்ப்பாள்.

அது செத்த குட்டை, வெறும் சாக்கடை என்பது மூடுகிறவர்களின் வாதம். உயிருள்ள குட்டை என்று எண்ணிக் காட்டினால், அந்த அறிக்கையைத் தெருக்காரர்களின் மனுவோடு சேர்த்துத் தருவதாகச் சித்தியின் பேராசிரியர் சொல்லியிருந்தார். எண்ண வேண்டியது மீனையும் கொக்கையும் அல்ல, முதுகெலும்பில்லாத சிற்றுயிர்களை. கன்டெய்னர் யார்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டதும் சிரித்தார்.

"முதுகெலும்பு இல்லாதத எண்றதுக்கு குட்டைக்கு எதுக்குமா போற? எங்க ஆபீசுக்கு வா. மேனேஜர்ல ஆரம்பிச்சு எண்ணு."

சித்தி ஆடி மழைக்கு முன்னும் பின்னுமாக மூன்று தடவை எண்ணியாக வேண்டும். நைட்டிக்கு மேல் சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். கைப்பிடி வைத்த வலையால் கோரையின் வேரடியைக் கிளறி அள்ளுவாள். ஒவ்வொரு இடத்திலும் ஒரே அளவு நேரம்தான் அள்ள வேண்டும். அந்த நேரத்தைப் பார்த்துச் சொல்வது என் வேலை. நான் கரையில் குதித்துக்கொண்டே சொல்வேன். அள்ளியதைத் தட்டில் கொட்டினால் முதலில் வெறும் சேறாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தால் சேறு நகரும். தட்டான் குஞ்சு, நீர்த்தேள், பொட்டு மாதிரி நத்தை, தலைகீழாக நீந்தும் பூச்சி. எனக்கே ஆச்சரியம், அந்தத் தட்டின் முன்னால் மட்டும் நான் கால் ஆட்டாமல் இருந்தேன். மூன்று வால் வைத்த ஒரு குட்டிப் பூச்சி கிடைத்த அன்று சித்தி என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். அது அழுக்குத் தண்ணீரில் இருக்கவே இருக்காதாம். அம்மாவுக்கு மட்டும் வாசலில் கிடந்த சேற்று வாளிகளைக் கண்டால் ஆகாது. "கலீஜ் பண்ணிகினு வந்து நிக்கிறாளுங்க பாரு" என்று எங்கள் இரண்டு பேர் மேலும் தண்ணீரைக் கொட்டுவாள்.

கிடைத்த பூச்சிகளை வைத்துக் குட்டைக்கு மார்க் போடுவாள் சித்தி. முதல் இரண்டு தடவையும் நல்ல மார்க். மூன்றாவதும் அப்படியே வந்துவிட்டால் போதும், திங்கட்கிழமை அறிக்கை போய்விடும். சித்திக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்த்துச் சித்தப்பாவுக்கும் இறங்கவில்லை.

"இப்ப இன்னாதான்மே வேணும் அந்த வாத்தியாருக்கு?" என்று கேட்டார்.

"குட்டையில நெறைய உசுரு கீதுன்னு காட்டணும். அவ்ளோதான்" என்றாள் சித்தி, எரிச்சலோடு.

நிறைய வகை என்று சொல்லியிருக்க வேண்டும். பல வகை இருந்தால் மார்க் ஏறும். ஒரே வகை மொய்த்துக் கிடந்தால் இறங்கும். சித்தி இதை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், சித்தப்பாவுக்குச் சொன்னதில்லை. மீன் கடைக்காரருக்கு நெறைய என்றால் நெறையதான்.

சனிக்கிழமை காலை கடைசித் தடவையாக இறங்கினோம். முதல் தடவை அள்ளியதிலேயே தட்டு சிவந்துபோனது. மெல்லிய சிவப்புப் புழுக்கள், நூல்கண்டு பிரிந்த மாதிரி, கொத்துக் கொத்தாக நெளிந்தன. காற்றே இல்லாத சாக்கடையிலும் பிழைத்துக் கிடக்கும் புழு அது. அது மொய்த்தால் தண்ணீர் கெட்டுப்போனது என்று அர்த்தம். சித்தி இன்னொரு இடத்தில் அள்ளினாள். அங்கேயும் அதே. கடைசியில் கரை ஓரத்துக் கோரையில் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பார்த்தாள். வாயில் இரட்டை முடிச்சுப் போட்ட சிவப்பு ரப்பர் பேண்ட். சித்தப்பா கடையில் மீனுக்குப் போடும் உயிர்ப்புழுவைக் கட்டித் தருவது அப்படித்தான். எங்கள் வீட்டில் அந்த ரப்பர் பேண்ட் இல்லாத ஜன்னல் கம்பி கிடையாது.

மனிதர் முந்தின சாயங்காலம் பை பையாகப் புழுவைக் கொண்டுவந்து, குட்டைக்கு உயிர் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புழுவை எந்தச் சாக்கடையில் அள்ளிக் கடைக்குக் கொண்டுவருகிறார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"சேப்புப் புழுவ மட்டும் பொறுக்கி எறிஞ்சிடலாம் சித்தி. யாருக்குத் தெரியப்போவுது?"

சித்தி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குட்டையோட சொந்தப் புழுவும் இதுல நாலு இருக்கும்டி. எது அதோடது, எது கடையோடதுன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"எல்லாத்தையும் எறி. நமக்குக் குட்டை வேணும்ல?"

"வேணும்தான்" என்றாள். ஆனால் ஒரு புழுவைக்கூட அவள் தொடவில்லை. சேறு ஒட்டிய கையோடு அங்கேயே நின்று பேராசிரியருக்குப் போன் போட்டாள். "கடைசித் தடவை எடுத்தத விட்டுருங்க சார். வெளியில இருந்து புழு கலந்துடுச்சு. இப்ப மறுபடி எடுத்தாலும் அதுதான் வரும்." யார் கலந்தது என்று சொல்லவில்லை. அவர் ஏதோ கேட்டார். "இல்ல சார், இத வெச்சு நல்ல குட்டைன்னு எழுத முடியாது. கெட்ட குட்டைன்னும் எழுத முடியாது" என்றாள். கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "வூட்டுல வாயத் தொறக்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னாள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சித்தப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாமே, மார்க்கு ஏறுச்சா?"

இப்போது கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஏறுச்சுங்க. இந்தத் தடவதான் ரொம்ப ஏறுச்சு" என்றாள் சித்தி. "கை கால் கழுவிகினு வாங்க, தோசை ஊத்துறேன்."

திங்கட்கிழமை போன அறிக்கையில், முடிவு சொல்லப் போதுமான சான்று இல்லை என்று இருந்தது. குட்டை தீபாவளிக்கு முன்பே மேடாகிவிட்டது. அடுத்த கோடையில் எங்கள் அடிபம்பிலும் உப்பு ஏறியது. அம்மா குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றாள். சித்தப்பா பல நாள் ஆறவே இல்லை. "அவ்ளோ உசுரு கீதுன்னு காட்டியும் மூடிட்டானுங்களே. அந்த வாத்தியாரு சரியில்லமே" என்று திட்டித் தீர்த்தார். "ஆமாங்க, அவரு சரியில்ல" என்று சித்தி ஒத்து ஊதினாள். சித்தப்பா இன்றைக்கும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

அந்த முதல் பொய்யைக் கேட்ட அன்று நான் தோசை சாப்பிடவில்லை. தட்டில் ஒரு புழுவை ஒதுக்க மாட்டேன் என்று குட்டையையே விட்டுக்கொடுத்தவள், வீட்டுக்குள் வந்ததும் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் இப்படிப் பொய் சொல்கிறாளே, இதில் எந்தச் சித்தி நிஜம் என்று தெரியாமல் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். இரண்டும் ஒரே சித்திதான் என்று அன்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.