மருந்தைக் கொட்டியது நான்தான்

நம் அன்பியத்து உறவுகளே, என் கணவர் கழுத்தில் வந்த கட்டி ஒன்றுமில்லாமல் போய்விட்டது என்று இதே ஜெபக் கூட்டத்தில் ஒருமுறை சாட்சி சொன்னேன். நீங்களும் என்னோடு சேர்ந்து அழுது நன்றி சொன்னீர்கள். அந்தச் சாட்சி தவறு. அது எப்படித் தவறானது என்று சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். பொங்கலுக்கு லீவில் வந்தபோது கழுத்தில் கட்டி இருந்தது. கும்பகோணத்தில் டாக்டர் அதை அறுத்தெடுத்து, சின்ன பாட்டிலில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டு, தஞ்சாவூர் லேபில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். அன்று சனிக்கிழமை. நான் போய்ச் சேர்வதற்குள் லேபைப் பூட்டிவிட்டார்கள். பாட்டிலைப் பாபநாசத்துக்கு, எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து மூடியைத் திறந்து பார்த்தேன். என் அப்பா இறந்தபோது உடம்பு கெடாமலிருக்க ஊசி போட்டார்கள். அதே வாடை! உயிரோடிருக்கிற மனுஷனின் சதையைப் பிணத்துக்குப் போடுகிற மருந்திலா வைப்பது? அதைக் கொட்டிவிட்டு, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த மாதா குளத்துத் தண்ணீரை ஊற்றினேன். முழங்காலிட்டு ஜெபித்தேன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புற்றுநோய் மாதிரி எதுவும் தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. நான் சாட்சி சொன்னேன். அவர் விமானம் ஏறினார்.

ஐந்தே மாதத்தில் பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். தினமும் காய்ச்சல். கழுத்தின் இரண்டு பக்கமும் கட்டி. டாக்டர், "பழைய கட்டியை லேப்ல மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க. அதைச் சென்னைக்கு அனுப்பி இன்னொரு தடவை பாக்கச் சொல்லுவோம்" என்றார்.

"மாதா குணமாக்கினதை மறுபடி சோதிக்கிறதா சார்?" என்றேன். விசுவாசத்தில் கேட்கவில்லை. பயத்தில் கேட்டேன்.

டாக்டர் அதைக் காதில் வாங்காமல் அனுப்பினார். சதை முழுக்கக் கெட்டிருக்கிறது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. "உடம்புக்குள்ளேயே செத்த சதைன்னா டி.பி.யா இருக்கலாம்மா. நாளைக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம்" என்றார் டாக்டர். பாட்டிலில் தண்ணீர் ஊற்றியதை மறைத்து, தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று மாலை கோயிலில் மாதா முன்னால் நின்றேன். சுகம் கேட்க எனக்கு முகமில்லை. 'தாயே, உண்மையைச் சொல்ல வாயைக் கொடு' என்று மட்டும் கேட்டேன். மறுநாள் என் கணவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். "மருந்தைக் கொட்டினது நான்தான் சார்."

டாக்டர் எழுந்துவிட்டார். "ஆறு மாசம் வீணாப் போச்சேம்மா!" என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டி.பி. மாத்திரை வேண்டாமென்று, புதிதாக ஒரு கட்டியை எடுத்தார்கள். பாட்டிலை ஆள் வைத்து அனுப்புவதாக டாக்டர் சொன்னார். என் கணவர் படுத்தபடியே என்னைக் காட்டி, "செசிலியே எடுத்துட்டுப் போகட்டும் சார். எனக்குக் கெடுதல் நெனச்சா ஊத்துனா?" என்றார். தஞ்சாவூர் வரை பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். வழியெல்லாம் அழுதேன்.

புற்றுநோய்தான். முன்பே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. சரியான சிகிச்சை கிடைத்ததால் இரண்டு கிறிஸ்துமஸ் எங்களோடு இருந்தார். மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மையைப் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் என் பக்கத்தில் இருந்தது அந்த நாட்களில்தான். அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். போன மாசி மாதம் அவரை அடக்கம் செய்தோம்.

உறவுகளே, நம்பி ஜெபியுங்கள். டாக்டர் கொடுத்ததைக் கொடுத்தபடியே சேர்த்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அது அவிசுவாசம் இல்லை. இப்போது நான் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு ஜெபிப்பதில்லை. உண்மையைச் சொல்ல வாய் கேட்டேன், மாதா ஒரே இரவில் கொடுத்தாள். நான்தான் ஆறு மாதம் கேட்காமல் இருந்துவிட்டேன்.