அம்மாவின் தார்ப் பீப்பாய்

தார் எரிகிற வாசனை வந்தால் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு மட்டும் அது இன்றைக்கும் குளிர்ந்த தண்ணீரை நினைவூட்டும். நான் பிறந்தது இராசிபுரத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் பாதையோரத்துச் சிற்றூர் ஒன்றின் கடைசித் தெருவில். பிறர் காடு கழனிகளில் கூலி வேலை செய்து பிழைத்த பதினைந்து குடும்பங்கள் அங்கே இருந்தோம். ஊருக்கு இருந்தது ஒரே குடிநீர்க் கிணறு; அதில் நாங்கள் கயிறு போடக் கூடாது. குடத்தைத் தள்ளி வைத்துவிட்டு, தண்ணீர் சேந்த வரும் ஊர்ப் பெண்களில் யாராவது மனம் இரங்கும்வரை, "கொஞ்சம் ஊத்துங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும்.

எனக்கு எட்டு வயதான கோடையில் தம்பிக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. வீட்டுப் பானையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உச்சி வெயிலில் அம்மா குடத்தோடு ஓடினாள். அந்த நேரத்தில் கிணற்றடியில் ஒருவரும் இல்லை. கயிறும் வாளியும் உருளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. எட்டினால் கை படும் தூரம். தொட்டால் தெருவே அடிபடும் என்று அவளுக்குத் தெரியும். பொழுது சாய்ந்த பிறகுதான் நிறைந்த குடத்தோடு திரும்பினாள். அதற்குள் தம்பியின் உதடுகள் வெடித்துவிட்டிருந்தன. அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு மறக்கவில்லை:

"மேல இருந்து ஊத்தறவன் இது யாரு கொடம்னு கேக்கறதில்லீங்க. இனி அவங்கிட்டயே கேட்டுக்கறேன்."

அந்த வருடம் அப்பா சாலைக்குத் தார் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மேஸ்திரி வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு காலிப் பீப்பாயைக் கேட்டு வாங்கி, இரண்டு மைல் உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். அம்மா அதற்குள் பருத்திமார்க் குச்சிகளைத் திணித்துத் தீ வைத்தாள். கரும்புகை பகல் முழுதும் தெருவைச் சுற்றியது. பக்கத்து வீட்டார் இருமிக்கொண்டே வைதார்கள். தார் எரிந்து தீர்ந்ததும், மணலும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் எட்டு நாள் தேய்த்தாள்; விரல் நகங்கள் கறுத்துப் போயின. உள்ளே சுண்ணாம்பு பூசினாள். அடியில் அப்பா துளையிட்டுக் கொடுக்க, அதில் ஒரு மூங்கில் குழலைச் செருகி, கட்டையால் அடைத்தாள்.

அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. எங்கள் பனையோலைக் கூரையில் வழியும் மழைநீர் பழுப்பேறி, புகை நாற்றம் அடிக்கும். அம்மா ஒரு நாள் யோசித்தாள். பிறகு பெட்டியைத் திறந்து, அப்பாவிடம் இருந்த ஒரே நல்ல வேட்டியை, அவருடைய கல்யாண வேட்டியை எடுத்தாள். வாசலில் நான்கு கழி நட்டு அதை விரித்துக் கட்டி, நடுவில் கழுவிய கல்லை வைத்தாள். துணி குழிந்து, பீப்பாயின் வாய்க்கு நேராகத் தொங்கியது.

"இனிக் கோயிலுக்கு நான் எதக் கட்டிட்டுப் போறது?" என்றார் அப்பா.

"உள்ளார உடறாங்களா என்ன? வெளிய நின்னு கும்புட இந்தத் துண்டு போதுங்க."

அப்பா சிரித்துவிட்டார்.

ஐப்பசியில் மழை இறங்கியது. முதல் மழைத் தண்ணீரைப் பீப்பாய் கழுவவே கொட்டினாள். நாங்கள் அழாத குறை. அடுத்த மழையில் அது நிரம்பி வழிந்தது. வாயை வெள்ளைத் துணியால் கட்டினாள். குடிக்க மட்டும்தான் அந்தத் தண்ணீர். பாத்திரம் கழுவ ஒரு செம்பு எடுத்தாலும் முதுகில் விழும். குழலைத் திறந்து நானே முதன்முதலாகப் பிடித்துக் குடித்த தண்ணீரில் லேசாகச் சுண்ணாம்பு வாடை இருந்தது. யாரிடமும் கேட்காமல் குடித்தேன்.

அந்த அடைமழையிலேயே காட்டு வெள்ளம் புகுந்து ஊர்க் கிணறு சேறாயிற்று. மூன்றாம் நாள் பண்ணையக்காரர் வீட்டு மருமகள், இடுப்பில் குடத்தோடு தனியாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"செல்லாயி, கொழந்தைக்கு வயித்தால போவுது. அந்தத் தண்ணி ஆவாதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. ஒரு கொடம் ஊத்தறயா?"

"நாங்க பொழங்கற தண்ணிங்களே சாமி," என்றாள் அம்மா.

"கொழந்த பொழைக்கட்டும். ஊத்து."

அம்மா உடனே குழலைத் திறந்தாள். அவர் போனதும் எனக்குக் கோபம் பொங்கியது. "கொஞ்ச நேரமாச்சும் நிக்க வெச்சிருக்கலாமில்ல?" என்றேன்.

"நின்னா காலு எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. தெரிஞ்சவ அதைச் செய்யலாமா?"

எழுத்தறியாத என் அம்மாவை நான் முழுதாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

குழந்தை தேறியது. அதனால் ஊர் ஒன்றும் மாறிவிடவில்லை. கிணறு தெளிந்ததும் பழைய வழக்கமே திரும்பியது. ஆனால் அந்த மருமகள் தினமும் விடிந்ததும் கிணற்றடிக்கு வந்து, எங்கள் குடங்களை நிரப்பிவிட்டுத்தான் தம் குடத்துக்குச் சேந்தினார். மறு வருட மழைக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு துணி விரிந்து நின்றது.

இன்று அந்தக் கிணறு இல்லை. அதைத் தூர்த்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிற்கின்றன. பீப்பாய் துருப்பிடித்து எந்தக் குப்பையில் போயிற்றோ தெரியவில்லை. எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் குழாய். போனவற்றை எண்ணி ஏங்குவது என்னைப்போல் பழங்கதை எழுதுகிறவர்களின் வழக்கம். கிணற்றடியில் நாங்கள் வரிசையாக நின்ற அந்த இடம் மறைந்ததற்கு நான் ஏங்கவில்லை. குழாய் வருவதற்கு முந்தின வருடம் அம்மா போய்விட்டாள். அந்த ஒன்றுதான் குறை.