மதகடிப்பட்டில் நின்ற ஜெனரேட்டர்

மதகடிப்பட்டு டீக்கடை எதிரே ஒரு லாரி நிற்கிறது. அதன்மேல் காற்றாலை ஜெனரேட்டர். நான் மடுகரை பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். வரப்புச் சண்டையில் பேச்சு நின்றுபோன தம்பி அங்கே படுத்த படுக்கையாம். போனால் முகம் கொடுப்பானா?

பக்கத்தில் டீ குடிக்கும் உள்ளூர் மெக்கானிக்கைக் கேட்கிறேன்: "காத்து அடிச்சா கரண்டு வந்துடுமாபா?"

"எங்க வரும்? லைன்லேர்ந்து உள்ள சுத்துற ரோட்டருக்கு மொதல்ல கொஞ்சம் கரண்டு குடுக்கணும். காத்து ஏறி எறங்கறதுக்குத் தக்கன அதை மாத்திக் குடுத்தா, வெளிய சீரா வரும்."

"இன்னாபா, குடுத்துட்டுதான் வாங்கணுமா?"

"ஆமா பெரியவரே. இல்லன்னா சும்மா சுத்தும்."

எங்கள் கரும்புக்கொல்லை பம்பும் அப்படித்தான். தம்பி குழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான், நான் இன்ஜினைச் சுற்றுவேன். தண்ணீர் பீறிட்டதும் நனைந்தபடி சிரிப்பான்.

பஸ் வருகிறது. ஏறும் முன் போனை எடுக்கிறேன்.

"டேய், அண்ணன்டா. வந்துகினு இருக்கேன்."