நகராட்சிக்கு மட்டும் மனைவி

வர்தியாவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் கணவன் லூனிஸ் அடுத்த தெருவில், என் வீட்டுக்கு மேல்மாடியில், அவன் அம்மா வீட்டில் இருக்கிறான். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. மருந்துக்கடை வேலை முடிந்து அவளும், டிராம் ஓட்டிவிட்டு அவனும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பதைப் பார்த்தால், நேற்றுதான் நிச்சயமானவர்கள் என்று தோன்றும்.

எல்லாம் அரசாங்க வீட்டால் வந்த வினை. கல்யாணமானவர்கள்தான் வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம். வீடில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்கிறது எங்கள் அல்ஜியர்ஸ். எதை முதலில் செய்வது? இரண்டு பேரும் நகராட்சிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பேட்டையில் கையெழுத்து கல்யாணமாகாது. மேளமடித்து, விருந்து வைத்து, பெண்ணை அழைத்து வந்தால்தான் கல்யாணம். வீடு கிடைத்ததும் அதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது.

லூனிஸ் வீட்டில் இரண்டு அறை, எட்டுப் பேர். வருஷாவருஷம் அதே காகிதங்களைப் புதிதாக வாங்கிக் கொடுக்கவேண்டும். போன வருஷம் குமாஸ்தா கேட்டானாம்:

"இத்தனை வருஷமா ஒரு குழந்தைகூட இல்லையே? இருந்தா வீட்டு விண்ணப்பத்துக்கு மதிப்பெண் கூடும். நல்ல டாக்டரா பாரும்மா."

"டாக்டரை அப்புறம் பாக்கறேன் சார். முதல்ல சாத்திக்க ஒரு கதவு குடுங்க" என்றாளாம் வர்தியா.

இந்த வசந்தத்தில் ஒருவழியாக விசாரணை அதிகாரி வந்தார். லூனிஸ் வேலைக்குப் போயிருந்தான். வழிகாட்ட நான்தான் கூடப் போனேன். லூனிஸின் அம்மா தஹ்பியா காப்பி கொடுத்து உட்காரவைத்தாள்.

"மருமக எங்கம்மா?"

"அவங்கம்மா வீட்டுல."

"எப்ப வருவாங்க?"

"வருவாளா? என்ன பேச்சு பேசுறீங்க! விருந்து வைக்காம இந்த வாசப்படியில கால் வைப்பாளா? அல்லா மேல ஆணையா, ஒரு நாள் இங்க தங்கினதில்ல. நாங்க மானமுள்ள குடும்பம்!"

நான் கண்ணால் ஜாடை காட்டினேன், இருமினேன், தஹ்பியாவின் காலைக்கூட மிதித்தேன். மானம் பொங்கிவிட்டால் அந்த அம்மாளுக்கு வேறெதுவும் தெரியாது. அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

'கணவன் மனைவி சேர்ந்து வாழவில்லை. விண்ணப்பம் ரத்து' என்று கடிதம் வந்தது. ஒன்பது வருஷம் ஒரே வரியில் போயிற்று. மேல்முறையீட்டுக்குப் பதினைந்து நாள் கெடு. ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று அண்டைவீட்டார் இருவர் எழுதித் தரவேண்டுமாம்.

லூனிஸ் ஐந்து மாடியும் ஏறி இறங்கினான். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. "அந்தப் பொண்ணு தங்கம். அவளைப் பத்தி அப்படி எழுதுவேனா?" என்று ஒவ்வொரு கதவும் சாத்திக்கொண்டது. அவளுக்கு வீடு கிடைக்காவிட்டால் பரவாயில்லையாம், பேர் கெடக்கூடாதாம்! அந்தக் கதவுகளில் என்னுடையதும் ஒன்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பதினாலாம் நாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்து எல்லாரும் குஸ்குஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரம். வர்தியா தனியாக வந்தாள். ஒரு கையில் பெட்டி, கக்கத்தில் தலையணை. கீழ்மாடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே ஏறினாள். கரண்டியும் கையுமாக எல்லாரும் வெளியே வந்து நின்றோம். என் வாசலுக்கு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அமார் அண்ணே, நான் என் புருஷன் வீட்டுக்குக் குடிபோறேன். நல்லாப் பாத்துக்கோங்க. இப்பக் கையெழுத்துப் போட்டா பொய்யாகாதில்ல?"

"மேளமில்லாம, விருந்தில்லாம... இப்படியா தங்கச்சி?"

"முப்பத்தெட்டு ஆச்சுண்ணே. மேளத்துக்கெல்லாம் இனி எனக்கு நேரமில்ல."

அவள் நீட்டிய காகிதத்தில் இரண்டாம் மாடித் தையல்காரர் சற்றுமுன் போட்ட கையெழுத்து இருந்தது. கதவில் வைத்து நானும் போட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மேலே தஹ்பியா அவளைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, அழுதுகொண்டே தனியாகக் குலவையிட்டாள். லூனிஸ் ஓடிவந்து பெட்டியை வாங்கினான். வாங்கியவன் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.