நர்சம்மா பிடித்த கை

பெரியகுளத்தில் என் மனைவிக்குப் பிரசவம் பார்த்த நர்சம்மாவின் பெயரை நான் கேட்கவேயில்லை. ஒல்லி உடம்பு, காதோரம் நரை. யார் பேச வந்தாலும் முதலில் அவர்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் காது கொடுப்பார்.

வயிற்றில் வைத்த மெஷின், பிள்ளையின் இதயத் துடிப்பு எண்பது என்றது. "ரொம்பக் கொறையுதுக்கா, ஆபரேசன்தான்" என்று பயிற்சி நர்ஸ் டாக்டரிடம் ஓடப்போனாள். நான் என் பங்குக்குக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நர்சம்மா என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். "நில்லு ஆத்தா. தாய்க்கும் எண்பதுதான் ஓடுது. மெஷினு இவ துடிப்பக் கேட்டுக்கிட்டுப் பிள்ளையோடதுங்குது."

கருவியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். குதிரை ஓடுவதுபோல் நூற்று நாற்பது கேட்டது.

பிறகு குனிந்து என் கையைப் பிடித்தார். "உங்களுக்கும் நூத்தி நாப்பது. அங்கன போய்ப் படுங்க, உங்களப் பிறகு பாக்கேன்."

ஆபரேஷன் இல்லாமலே மகள் பிறந்தாள். போன மாதம் வடுகபட்டி பஸ் நிறுத்தத்தில் நர்சம்மாவைப் பார்த்தேன். கும்பிடப்போன கை தானாக அவர் பக்கம் நீண்டது. அவரும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். என் பஸ் போய்விட்டது. கடைசியில் "ம்" என்றார், அவ்வளவுதான்.

அந்த "ம்" எத்தனை என்று இன்றுவரை தெரியவில்லை.